சிக்னல்ல நின்னா அனல், பைபாஸ்ல போனா ஜில்லு: கம்ப்ரஸர் மாத்தித்தான் ஆகணுமா?

உப்புக்காத்து (தூத்துக்குடி)

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. என்கிட்ட 2013 மாடல் சின்ன பெட்ரோல் வண்டி இருக்கு. செகண்ட் ஹேண்டுல வாங்கினது. திருநெல்வேலி ரோட்டுல வாகைக்குளம் டோல்கேட் தாண்டி எண்பதுல போகும்போது ஏசி ஜில்லுன்னு இருக்கு. அதே வண்டி வி.வி.டி. சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா காத்து வெதுவெதுப்பாகி, அப்புறம் அனலாவே வருது. சில நேரம் முன்னாடி ஃபேன் திடீர்னு புர்ர்னு கத்தும், கத்தின பிறகு கொஞ்சம் குளிரும், மறுபடி பழைய கதைதான்.

பங்குனி பொறந்தா கேஸ் ஏத்துறது வருஷா வருஷம் வழக்கமாயிருச்சு. பக்கத்துக் கடையில கேனை மாட்டுவாங்க, பைப்பைத் தொட்டுப் பாப்பாங்க, "போதும்ணே"ன்னு சொல்லி அனுப்பிருவாங்க. இந்த வருஷம் ஏத்தின கேஸ் சித்திரை முடியக்கூட தாங்கல. போய்க் கேட்டா கம்ப்ரஸர் வீக்காம். ரீகண்டிஷன் போட்டா பதினாலாயிரம், புதுசுன்னா இருபத்தெட்டாயிரம்னு சொல்லுதாங்க. வண்டியை வித்தாலே ரெண்டு லட்சம் தேறாது. ஆனா அப்பாவை அடிக்கடி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும், இந்த வெயில்ல ஏசி இல்லாம அவரால முடியாது. என்ன செய்யலாம்?

ஓஎம்ஆர் டிரைவர் (சென்னை)

தலைவா, நிக்கும்போது குளிரலன்னா கம்ப்ரஸர் போச்சுன்னுதான் அர்த்தம். இஞ்சின் சுத்துற வேகம், அதான் ஆர்பிஎம், ஏறினாதான் அதுக்கு மூச்சே வருது. ரீகண்டிஷன் போட்டுட்டு வேலையைப் பாரு. நானும் அதான் போட்டு ஓட்டிக்கினு இருக்கேன். புரட்டாசி வரைக்கும் தாங்கினா போதாதா?

சிங்காநல்லூர் மெக்கானிக் (கோவை)

தம்பி, கம்ப்ரஸருக்கு யாரையும் கைவெக்க விட்றாதீங்க. கார் ஏசி வேலைல முடி நரைச்சவன் சொல்றனுங்க. வீட்டு வாசல்லயே பைசா செலவில்லாம பாத்துக்கலாம்.

காலைல இஞ்சின் சூடேறாம இருக்கறப்ப பானெட்டைத் தொறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்க. 'டக்'குன்னு ஒரு சத்தம் கேக்கும், அது கம்ப்ரஸர் கிளட்ச் புடிக்கற சத்தம். அதோடயே முன்னாடி ஃபேன் சுத்த ஆரம்பிக்கோணும். இந்த மாதிரி சின்ன வண்டிகள்ல பெரும்பாலும் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் சேத்து ஒரே ஃபேன்தானுங்க. அதுக்கு ரெண்டு ஸ்பீடு. ஏசி போட்டா லோ. இஞ்சின் தண்ணி ரொம்பச் சூடானாலோ கேஸ் ப்ரஷர் எகிறினாலோ ஹை. லோ ஸ்பீடுக்கு கரண்டு, அதைக் கொறைச்சு விடற ஒரு ரெசிஸ்டர் வழியாத்தான் வரும். அது கருகிருச்சுன்னா லோ செத்துப்போகும், ஹை மட்டும் ஓடும். நீங்க "திடீர்னு புர்ர்னு கத்தும், அப்புறம் கொஞ்சம் குளிரும்"னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அந்த ஒரு வரியே போதும்.

கேஸ் உள்ள இருந்து அள்ளிட்டு வர்ற சூட்டையெல்லாம் கண்டென்சர்ல தான் வெளிய தள்ளோணும். எண்பதுல போகறப்ப எதிர்க்காத்தே அந்த வேலையைப் பாத்துரும், ஃபேன் இருக்கோ இல்லையோ தெரியாது. சிக்னல்ல நின்னா காத்துக்கு ஃபேனை விட்டா நாதியில்ல. சூடு வெளிய போகாம ப்ரஷர் ஏறும், கூலிங் படுத்துரும்.

இன்னொரு சோதனை இருக்குங்க. மத்தியானம் வண்டியை நிறுத்தி ஏசியை ஓடவிட்டு, அனல் வர ஆரம்பிச்சதும் மக்குல தண்ணி மொண்டு கிரில் வழியா கண்டென்சர் மேல ஊத்துங்க. கை உள்ள போகாம பாத்துக்கோங்க, ஃபேன் எந்நேரமும் கிளம்பும். ஊத்தின கொஞ்ச நேரத்துல உள்ள ஜில்லுன்னு வந்துச்சுன்னா கம்ப்ரஸர் நல்லாத்தான் தள்ளுது, கோளாறு காத்தோட்டத்துலயோ கண்டென்சர்லயோதான்.

கம்ப்ரஸர் வீக்குன்னு சொன்னவங்க, கேஸ் ப்ரஷரைக் காட்டற கேஜ் மாட்டிச் சொன்னாங்களா? மாட்டாம சொல்லியிருந்தா அது ஜோசியம். 35 டிகிரி வெயில்ல, ஐட்லிங்ல, நல்ல சிஸ்டத்துல கம்ப்ரஸருக்கு கேஸ் திரும்பி வர்ற லோ சைடு ஏறக்குறைய 30-லருந்து 45 பி.எஸ்.ஐ., கம்ப்ரஸர் அழுத்தித் தள்ற ஹை சைடு 200-லருந்து 250 காட்டும். நெசமாவே கம்ப்ரஸர் தேஞ்சிருந்தா லோ ஏறி, ஹை இறங்கி ரெண்டு முள்ளும் கிட்டக்கிட்ட வந்துரும். ஃபேன் ஓடாட்டி லோ கொஞ்சம் ஏறும், ஹை 300, 350-ன்னு தாவும், அதுக்கு மேல போனா ப்ரஷர் சுவிட்ச் கிளட்சைக் கழட்டி விட்ரும். கேஸ் கம்மின்னா ரெண்டுமே கீழ கெடக்கும், கிளட்ச் டக்கு டக்குன்னு புடிச்சு விட்டுக்கிட்டே இருக்கும். இந்த மூணையும் பைப்பைத் தொட்டுப் பாத்துச் சொல்ற கை எந்த ஊர்லயும் கெடையாதுங்க.

சென்னைக்காரருக்கு: கம்ப்ரஸர் தேஞ்சாலும் நிக்கறப்ப கூலிங் வராதுன்றது சரிதானுங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா எழுநூறு எண்ணூறு ரூபா ரெசிஸ்டரைப் பாக்காம பதினாலாயிரத்துக்குப் போகக்கூடாது. அதுவும் தேஞ்ச கம்ப்ரஸர் இரும்புத் தூளைக் கக்கியிருந்தா, லைனை ஃப்ளஷ் பண்ணிக் கழுவாம, ஈரம் உறிஞ்சற டிரையர் மாத்தாம மேல ரீகண்டிஷன் போட்டா அந்தத் தூளே புதுசையும் தின்னுரும்.

வருஷா வருஷம் கேஸ் ஏத்தறது தனிக் கதை. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்ல. அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுத்துது. கொறையுதுன்னா எங்கயோ ஓட்டை. ஓட்டையைத் தேடாம கேஸ் மட்டும் ஏத்தறவரு உங்களுக்கு வேலை செய்யல, அடுத்த வருஷ வேலைக்கு அச்சாரம் போடறாரு.

பானெட் உள்பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், 134ஏ-ங்கற ஏசி கேஸ் எத்தனை கிராம்னு அதுலயே போட்டிருக்கும். சின்ன வண்டிக்கு 350-லருந்து 500-க்குள்ள இருக்கும். தராசு வெச்சு ஏத்தோணும். அதிகமாப் போனாலும் கூலிங் கொறையும்ங்க. நெறைய பேரு நம்பமாட்டாங்க, கண்டென்சர்ல திரவமே நெறைஞ்சு நின்னுக்கிட்டா சூட்டை விடறதுக்கு இடம் ஏது?

ஓய்வுபெற்ற வாத்தியார் (கும்பகோணம்)

மெக்கானிக் ஐயாவின் விளக்கம் அருமை. ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் 2001-ல் வாங்கியது. இன்று வரை கேஸ் ஏற்றியதில்லை. அதிலும் இதே தத்துவம்தானே? கார் ஏசியில் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை குறைந்துவிடுகிறதே, அது ஏன்?

சிங்காநல்லூர் மெக்கானிக் (கோவை)

நல்ல கேள்விங்க ஐயா. ஃப்ரிட்ஜ்ல மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் குண்டானுக்குள்ள வெச்சு மூடி வெல்டிங் பண்ணியிருக்கும். பைப்பெல்லாம் பத்த வெச்ச ஜாயின்ட். கேஸ் வெளிய போக வழியே இல்ல. கார்ல கம்ப்ரஸரைச் சுத்தறது இஞ்சின் பெல்ட். அப்ப ஒரு ஷாஃப்ட் வெளிய நீட்டிட்டு இருந்தாத்தான் ஆகும். அந்த எடத்துல கேஸைத் தடுக்கறது ஒரு சின்ன சீல்தான். இஞ்சின் குலுங்கறதால ரப்பர் ஓஸ் வேணும், ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் ஓ-ரிங் வேணும். எல்லாம் ஒழுங்கா இருந்தாலும் வருஷத்துக்குப் பத்து இருபது கிராம் கசியும். 400 கிராமுல அது பெருசில்ல, நாலஞ்சு வருஷம் தெரியவே தெரியாது. ஒரு வருஷத்துக்குள்ள மொத்தமும் போகுதுன்னா அதைக் கசிவுன்னு சொல்லமுடியாது.

மழைக்காலம் குளிர்காலம்னு மாசக்கணக்கா ஏசியே போடாத ஆளுக இருக்காங்க. பெட்ரோல் மிச்சமாம். கேஸோட சேந்து ஓடற ஆயில்தான் அந்த ஷாஃப்ட் சீலை நனைச்சு வெக்குது. ஓட்டாம விட்டா சீல் காஞ்சுரும். வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஓட விடுங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார் (கும்பகோணம்)

புரிந்தது, நன்றி. வெளியே போகும் கேஸ் சும்மா போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ 134ஏ, நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமான வெப்பத்தைக் காற்றில் பிடித்து வைக்கும். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் இதைப் போடவே அனுமதி இல்லை, 1234ஒய்எஃப் என்ற கேஸுக்கு மாறிவிட்டார்கள். நாம் லீக்கான வண்டியில் வருடா வருடம் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

மலைக்கோட்டைப் பொண்ணு (திருச்சி)

நடுவுல வந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. எங்க வண்டியில ஏசி நல்லாவே குளிருது. ஆனா முன் சீட்டுல இடது பக்கம் உக்காந்தா கால் மேட் சொதசொதன்னு நனைஞ்சிருக்கு. ஊசின வாடை வேற. சர்வீஸ் சென்டர்ல கூலிங் காயில் மாத்தணும், டேஷ்போர்டையே கழட்டணும்னு பயமுறுத்துறாங்க. உண்மையா அண்ணா?

சிங்காநல்லூர் மெக்கானிக் (கோவை)

இல்லைங்கம்மா. நல்லாக் குளிர்ற காயிலை ஏன் மாத்தோணும்? காயில் மேல வேர்க்கற தண்ணி ஒரு ரப்பர் டியூப் வழியா வண்டிக்கு அடியில சொட்டோணும். அந்த டியூப்புல அழுக்கும் எலச்சருகும் அடைச்சிருக்கு. ஏசியைப் போட்டு நிழல்ல நிறுத்துங்க, அடியில சொட்டு விழுகலைன்னா அதேதான். கீழயிருந்து மெல்லமா காத்து அடிச்சா வந்துரும். கம்பி விட்டுக் குத்தச் சொல்லாதீங்க.

வாடைக்கு, கிளவ் பாக்ஸைக் கழட்டி ஏசி ஃபில்டரைப் பாருங்க. கறுத்திருந்தா மாத்திருங்க, அதுக்கு மெக்கானிக்கே வேண்டியதில்ல. வீடு சேர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசி பட்டனை மட்டும் அணைச்சுட்டு ப்ளோயரை ஓட விடுங்க. காயில் காஞ்சா பூஞ்சைக்கு வேலை இல்ல. வாசனை டப்பா மாட்டறது எனக்குப் பிடிக்காதுங்க, ரெண்டு வாடையும் சேந்து தலைவலிதான் மிச்சம்.

உப்புக்காத்து (தூத்துக்குடி)

அண்ணாச்சி, நீங்க சொன்னபடியே பாத்துட்டேன். காலையில ஏசி போட்டதும் டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, ஃபேன் அசையவே இல்ல. மத்தியானம் தண்ணி ஊத்தினேன். வெதுவெதுன்னு வந்துக்கிட்டிருந்த காத்து கை வச்சுப் பாத்துக்கிட்டிருக்கும்போதே ஜில்லுன்னு மாறிட்டு. எங்க அம்மா வாசல்ல நின்னு, "வண்டிக்கு எதுக்குல அபிஷேகம் பண்ணுத?"ன்னு சிரிக்கா.

எலக்ட்ரீசியன்கிட்ட காட்டினேன். ரெசிஸ்டரேதான். ஃபேன் கூட்டுல ஓரமா இருந்துச்சு, கருகி, கம்பி அத்து, பிளக்கோட பிளாஸ்டிக் கூட உருகியிருந்துச்சு. மாத்தியாச்சு. சிக்னல்ல இப்ப நல்லாவே வித்தியாசம் தெரியுது.

கேஸ் லீக்குக்குத் திருநெல்வேலியில கேஜ், தராசு, வேக்யூம் பம்ப் எல்லாம் வச்சிருக்கிற ஒரு கடைக்குப் போனேன். உள்ள இருந்த கேஸை மிஷின்ல இழுத்து எடை போட்டாங்க, 190 கிராம்தான் இருந்துச்சு. ஸ்டிக்கர்ல 380. நைட்ரஜன் ஏத்தி, பம்பரைக் கழட்டி, சோப்பு நுரை தடவினாங்க. கண்டென்சர் அடிப்பக்கம், இடது மூலை. அங்க மட்டும் தூசி எண்ணெய்ப் பிசுக்கோட அடை அடையா ஒட்டியிருந்துச்சு. அதைத் துடைச்சா அடியில அலுமினிய ஃபின் வெள்ளையாப் பூத்துப்போய்க் கெடக்கு, நகம் பட்டாலே உதிருது. நுரையில சின்னக் குமிழி ஒண்ணு வந்து, மெல்லப் பெருசாகி, உடைஞ்சு, அதே எடத்துல திரும்ப வந்துச்சு. வருஷா வருஷம் நான் கொடுத்த காசு அது வழியாத்தான் போயிருக்கு.

கேள்வி என்னன்னா, அங்கயே ஒருத்தர் அலுமினிய வெல்டிங் வச்சு எண்ணூறு ரூபாயில முடிச்சுத் தாரேங்காரு. புது கண்டென்சர்னா கேஸோட சேத்து எட்டாயிரம் கிட்ட ஆவும். எது செய்யலாம்?

சிங்காநல்லூர் மெக்கானிக் (கோவை)

வெல்டிங் வேண்டாமுங்க. கல்லு பட்டு ஒரு எடத்துல ஓட்டை விழுந்திருந்தா யோசிக்கலாம். உங்களுது உப்பு அரிச்சது. அந்தத் தட்டைக் குழாய் தகடு ரொம்ப மெல்லிசு, ஒரு எடத்தைப் பத்த வெச்சா சூட்டுல பக்கத்து எடம் திறந்துக்கும். கடலோர வண்டிகள்ல இதை நெறையாப் பாத்திருக்கேன், எப்பவுமே கீழ் மூலைலதான் ஆரம்பிக்கும். பம்பருக்குப் பின்னாடி சேறும் உப்பும் தங்கற எடம் அது.

புதுசு போடறப்ப பக்கத்துல நின்னு பாருங்க. டிரையர் கண்டென்சரோட சேந்தே வருதா, தனியான்னு கேளுங்க. தனின்னா அதையும் புதுசாப் போடச் சொல்லுங்க. அதுக்குள்ள இருக்கற மணி ஈரத்தை உறிஞ்சறதுக்கு. காத்துப்பட்டுக் கெடந்த பழசு ஏற்கெனவே குடிச்சு முடிச்சிருக்கும். கழட்டின ஜாயின்ட்டுல பழைய ஓ-ரிங்கைத் திருப்பி மாட்ட விடாதீங்க. 134ஏ-க்கு வர்ற ஓ-ரிங் தனி. கண்டென்சரோட கொஞ்சம் ஆயிலும் போயிருக்கும், கம்ப்ரஸர் ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அதே ரக ஆயிலை மேனுவல்ல சொன்ன அளவுக்குச் சேக்கோணும். தொறந்து வெச்ச ஆயில் டப்பான்னா வேண்டாம்னு சொல்லிருங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும்.

வேக்யூம் தான் எல்லாரும் ஏமாத்தற எடம். அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு ஆச்சும்பாங்க. அரை மணி நேரமாவது ஓடோணும், வேக்யூம் முள்ளு 29 இஞ்சு பாதரச அளவுக்குப் பக்கத்துல நிக்கோணும், பம்பை நிறுத்தி வெச்ச பிறகும் ஏறக்கூடாது. உள்ள காத்தை எடுக்க மட்டுமில்ல, ஈரத்தைக் கொதிக்க வெச்சு வெளியேத்தறதுக்கும்தான் அவ்வளவு நேரம். அழுத்தம் அந்த அளவுக்குக் கொறஞ்சா தண்ணி ரூம் சூட்டுலயே கொதிக்கும்னு வாத்தியார் ஐயாவுக்குத் தெரியும். ஈரம் தங்கினா, கூலிங் காயிலுக்குள்ள கேஸை விரிய விடற எக்ஸ்பேன்ஷன் வால்வுல உறைஞ்சு அடைக்கும், நாளாவட்டத்துல அமிலமாகி கூலிங் காயிலை அரிக்கும். அப்பத்தான் நெசமாவே டேஷ்போர்டைக் கழட்டோணும்.

முடிஞ்சதும் ஒரு தெர்மாமீட்டரை நடு வென்ட்டுல சொருகி, உள்காத்து பட்டனைப் போட்டு, 1,500 ஆர்பிஎம்ல பத்து நிமிஷம் வெச்சுப் பாருங்க. 6-லருந்து 10 டிகிரிக்குள்ள வந்தா காசு கொடுக்கலாம்.

அப்புறம் உங்க ஊருக்குன்னு ஒண்ணு. கண்டென்சரை அப்பப்ப தண்ணி விட்டுக் கழுவுங்க, ஆனா போர் தண்ணி உப்பா இருந்தா அதுல வேண்டாம். குடிக்கற தண்ணி ரெண்டு குடம் போதும். வாட்டர் சர்வீஸ்ல ப்ரஷர் கன்னை கிட்ட வெச்சு அடிச்சா ஃபின்னெல்லாம் மடங்கிரும், தள்ளி நின்னு அடிக்கச் சொல்லுங்க.

ஓஎம்ஆர் டிரைவர் (சென்னை)

இவ்ளோ மேட்டரு இருக்கா இதுல. மெக்கானிக் அண்ணே, இந்த கேன் கேஸ்ல டூப்ளிகேட் வருதுன்றாங்களே, அது எப்டி கண்டுபிடிக்கிறது?

சிங்காநல்லூர் மெக்கானிக் (கோவை)

வருதுங்க. வீட்டு ஏசில போடற பழைய ஆர்22 கலந்தது, சமையல் கேஸ் கலந்ததுன்னு பலது. புது கேனை ரெண்டு மணி நேரம் நிழல்லயே வெச்சு, அந்த எடத்துச் சூடு என்னன்னு பாத்துட்டு, கேஜ் மாட்டிப் பாருங்க. 30 டிகிரில சுத்தமான 134ஏ 97 பி.எஸ்.ஐ. கிட்ட காட்டும். ஆர்22-ன்னா அதே சூட்டுல 158. நடுவுல எங்கயாச்சும் நின்னா கலப்படம், இல்லைன்னா உள்ள காத்து இருக்கு. எல்லாக் கலப்படமும் இதுல மாட்டாது, ப்ரஷர் ஒத்துப்போற மாதிரி கலக்கற ஆளுகளும் இருக்காங்க. அது தீப்புடிக்கற சமாச்சாரம், அதனால பாதி விலைக்கு வர்ற கேனை நான் வாங்கறதே இல்லைங்க.

உப்புக்காத்து (தூத்துக்குடி)

கண்டென்சருக்குச் சொல்லியாச்சு அண்ணாச்சி, திங்கக்கிழமை வந்துருமாம். எத்தனை கிராம் ஏத்தினாங்கன்னு பில்லுலயே எழுதித் தரணும்னு கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பாத்துட்டு சரின்னுட்டாரு.